பொய் ஈ

இரவுப் பணி முடிந்து
எக்ஸ்ரே அறை விளக்கை அணைத்த பிறகும்
கண்ணுக்குள் கொஞ்ச நேரம் நிற்கும்
யாரோ ஒருவரின் விலா எலும்பு.
பாலமேடு பஸ் ஏறும்போது கரைந்துவிடும்.

சிறுமலைக்கும் வகுத்துமலைக்கும் நடுவே
சாத்தையாறு இடுப்பை ஒடுக்கிக்கொண்டு
நுழைகிற இடம் என்னுடையது.
அங்கே என் தூண்டிலில் புழு கிடையாது.
கறிக்கடைச் சேவலின் கழுத்திறகு இரண்டு,
தையல்கடைத் தரையில் பொறுக்கிய
கத்தரிப்பூ நிற நூல்,
ஒரு சின்ன முள்.
சேர்த்துக் கட்டினால் பொய் ஈ.
அதற்குப் பறக்கத் தெரியாது,
விழத் தெரியும்.

விழுவதில்தான் மொத்த வித்தையும்.
முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது.
கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை
அவசரப்படக் கூடாது.
நாளெல்லாம் ஊருக்குச் சொல்வதை
அங்கே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்:
மூச்சை இழுங்க. பிடிங்க.
ம்… விடுங்க.

ஐப்பசியில் ஒன்றும் நடக்காது.
மலை கரைந்து வருகிற தண்ணீர்,
நிறம் கடைசிக் கிளாஸ் டீ.
மதகு பார்க்கும் மரியசூசை
குடைக்குள்ளிருந்து சிரிப்பார்:
"ஈயா? நெச ஈயே இன்னைக்கு வெளிய வராதுய்யா."

மார்கழியில் தெளிந்துவிடும்.
கூழாங்கல்லின் கோடு வரை தெரியும்,
மீனுக்கு நானும் தெரிவேன்.
கெண்டை வரும், மூக்கால் தொடும்,
நூலின் நிறத்தை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகும்.
பாறைக்கு வெயில் இறங்கப் பத்து மணியாகும்.
அதுவரை கால்விரல்கள் யாருடையவையோ.

தையில் ஒரு காலை.
சுழலின் ஓரம், நுரை ஒதுங்கும் மூலை,
ஈ விழுந்த ஓசைகூட இல்லை.
தண்ணீர் கண் திறந்த மாதிரி ஒன்று மேலே வந்து
எடுத்துக்கொண்டு போனது.
கம்பு வளைந்தது, மணிக்கட்டு துடித்தது,
பாறையில் உரசி நூல் அறுந்தது.
அவ்வளவுதான்.
இரண்டு வாரம் எல்லோரிடமும் அதையே சொன்னேன்.
பிடித்த மீன்களைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

சித்திரையில் விடுப்பு கிடையாது.
அழகர் இறங்கும் நாளில்
நெரிசலில் ஒடிந்த மணிக்கட்டுகள் வரிசையில் நிற்கும்,
நெற்றியில் சந்தனத்தோடு.

ஆனி.
ஆறு தன் எலும்பைக் காட்டும் மாதம்.
ஒரு புதன்கிழமை சக்கர நாற்காலியில் வந்தார்
செவனம்மா, ஆடு மேய்க்கிறவர்.
காலில் துணி சுற்றியிருந்தது.
"ஆத்துக்குள்ள நடந்தேன். கல்லு குத்திருச்சு."
மூச்சைப் பிடிக்கத் தேவையில்லாத படம்.
எடுத்தேன்.

திரையில் குதிகால், வெள்ளையாக.
அதனருகே இன்னும் வெள்ளையாக
ஒரு சின்னக் கொக்கி.
இறகு இல்லை, நிறம் இல்லை,
ஈ என்று நினைக்க எதுவுமே இல்லை.
எக்ஸ்ரே பொய்யை எடுக்காது.

துணியைப் பிரித்த நர்ஸ் சொன்னார்,
"ஏதோ நூல் ஒட்டியிருக்கு சார், கத்தரிப்பூ கலர்ல."

சொல்லிவிட்டேன்.
செவனம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"மீனு சிக்குச்சா?"
"இல்லம்மா. அறுத்துட்டுப் போயிருச்சு."
"கெட்டிக்கார மீனு," என்றார்.

இப்போது முள்ளின் எதிர்முனையை
அரத்தால் ராவிவிடுகிறேன்.
பாதி மீன் நழுவும்.
அறுந்த நூலைத் தேடி
வற்றிய ஆற்றில் ஒரு நாள் முழுக்கக் குனிந்து நடந்ததில்
ஏழு ஈக்கள் கிடைத்தன, என் கட்டுதான் எல்லாமே.
ஒன்றின் மேல் நிஜ எறும்புகள்.

புரட்டாசி முதல் தண்ணீர்.
எதிர்க்கரையில் ஆடுகள், பின்னால்
கொஞ்சம் சாய்ந்த நடை.
"எனக்கு ஏதும் கட்டி வச்சிருக்கியாய்யா இன்னைக்கு?"
சிரித்ததில் முழங்கை விலகிவிட்டது.
கயிறு கோணலாகப் போய்
நான் நினைக்காத இடத்தில் விழுந்தது ஈ.

அங்கே
தண்ணீர் மெல்லத் தடித்தது.