காத்திருப்பு அறையில் ஐந்து மீன்கள்

ஆஸ்ட்ராவாவில், டிராம் கிறீச்சிட்டுத் திரும்பும் முனையில்,
இரண்டாம் மாடிப் பல் மருத்துவமனை.
வரவேற்பு மேசை என்னுடையது.
தொட்டியும் கடைசியில் என் தலையில்தான் விழுந்தது.

டாக்டர் மிலாடா மீன்களை மட்டும் வாங்கி வந்தார்.
ஐந்து சில்வர் டாலர்கள்,
யாரோ சுண்டிவிட்டுக்
கீழே விழ மறந்த நாணயங்கள்.
"ஏதாவது செடி வை, பொஹ்தனா.
பயந்துகொண்டு வருகிறவர்களுக்குப் பச்சை நல்லது"
என்றார், கையுறையை உரித்தபடி.

கபோம்பா வாங்கினேன்.
மூச்சுப் பட்டாலே நடுங்கும் இறகுச் செடி.
வெள்ளி மாலை நட்டேன்.
திங்கள் காலை எட்டுக் காம்புகள் நின்றன.
மீன்கள் கண்ணாடியோரம் வந்து
இன்னும் இருக்கிறதா என்று பார்த்தன.

அடுத்து வாலிஸ்னேரியா.
பள்ளிக்கூட ரிப்பன் போல நீளநீளமாய்.
அதை அடியிலேயே கத்தரித்து
மேலே மிதக்கவிட்டு
அவசரமில்லாமல் தின்றன.
வடிகட்டியில் சிக்கிய மிச்சத்தைக்
குளியலறைச் சல்லடை முடிபோல் இழுத்தெடுத்தேன்.

பிறகு அமேசான் வாள்.
மீனும் அந்தப் பக்கம், செடியும் அந்தப் பக்கம்,
ஒரே ஆற்றுத் தண்ணீர் குடித்தவர்கள்
ஒத்துப்போவார்கள் என்று கணக்குப் போட்டேன்.
ஒரே ஊர்க்காரனுக்குத்தான்
ருசி தெரிந்திருக்கிறது.

மூன்று ரசீதுகளையும் டாக்டர் அடுக்கி வைத்தார்.
"பிளாஸ்டிக்" என்றார். ஒரே சொல்.

அன்றைக்குக் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார்
டிராம் ஓட்டுநர் ராடோவான்.
அரை மணி நேரமாகத் தொட்டியையே பார்த்தவர்
பஞ்சு அடைத்த வாயால் சொன்னார்:
"இதுகளுக்கும் பல் இருக்கு."
குனிந்து பார்த்தேன்.
இருந்தது. சின்னதாக, வரிசையாக, ஒரு சொத்தை இல்லாமல்.
பல் மருத்துவமனையில் அதை
ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
மீன் சந்தை.
பைகளில் தண்ணீர், தண்ணீரில் வால்கள்.
சிவப்பு இலை ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன்.
ஓட்டகர் என்கிற கடைக்காரர் கேட்டார்:
"என்ன மீன்?"
சொன்னேன்.
மறு வார்த்தை பேசாமல் இலையைப் பிடுங்கிக்
கப்பி வளர்க்கும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கிடைத்தது
வேர்க்கட்டையில் தூண்டில் நூலால் கட்டிய ஜாவா பெரணி.
அழகென்று சொல்ல மாட்டேன்.
தடித்த இலை, முதுகெல்லாம் பழுப்புப் புள்ளி.
"மண்ணில் புதைத்தால் தண்டு அழுகும்.
கட்டையோடு இறக்கிவிடுங்கள்.
விளக்கும் அதிகம் வேண்டாம்" என்றார்.
எண்பது கொரூனா.
கூடவே ஒரு அனுபியாஸ், செருப்புத் தோல் போன்றது,
இனாம்.

திங்கள் ஒன்பது மணி.
முதல் மீன் கடித்தது. துப்பியது.
இரண்டாவது கடித்தது. துப்பியது.
எக்ஸ்ரேக்குக் கூப்பிட்ட பெயர் யாருடையதோ,
யாரும் எழுந்திருக்கவில்லை.
நான்காவது மட்டும் வியாழன் வரை விடவில்லை,
ஓர் இலை நுனியில் அதன் வாய் அளவுக்கு
அரை வட்டம்,
டிராம் டிக்கெட்டில் துளை போட்டதுபோல.
அப்புறம் அதுவும் விட்டுவிட்டது.
வெள்ளரித் துண்டு போட்டால் மட்டும்
ஐந்தும் ஓடி வருகின்றன.

ராடோவான் தையல் பிரிக்க வந்தார்.
மரத்துப்போன பாதி முகத்தோடு
மீதிப் பாதியால் சிரித்தார்.
டாக்டர் பழுப்புப் புள்ளிகளைக் கண்டு
"சொத்தையா?" என்றார்.
"வித்து" என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.

நேற்று எல்லோரும் போனபின்
விளக்கை அணைப்பதற்கு முன்
ஓர் இலை ஓரத்தைக் கிள்ளி
என் வாயில் போட்டுக்கொண்டேன்.
அப்பா, அந்தக் கசப்பு.
நோயாளிகளின் காகிதக் கோப்பையில்
மூன்று முறை கொப்பளித்தேன்.
ஐந்து மீன்களும்
கண்ணாடியோரம் வந்து நின்று பார்த்தன.