ஒரு நிறுத்தம் தள்ளி

பெரம்பூரில் ஷேர் ஆட்டோ ஏறினால்
நான் இறங்க வேண்டிய இடம் தண்ணித்தொட்டி.
யாராவது 'தொட்டி இறங்கணும்' என்றால்
அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன்.
யாரும் சொல்லாத நாட்களில்
மூலக்கடை வரை போய்
முக்கால் கிலோமீட்டர் திரும்பி நடப்பேன்.
வீட்டில் கேட்டால், நடை நல்லது, சர்க்கரைக்கு.
சர்க்கரை எனக்கு இல்லை.
வயது நாற்பத்து மூன்று.

பிரியாணிக் கடையில் பார்சலுக்குப் பேர் கேட்டால்
குமார் என்பேன்.
பூவராகன் என்றால் 'என்னது?' என்பார்கள்,
இரண்டாம் முறை சொல்ல
என்னிடம் குரல் இருப்பதில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
இன்னொரு குமார் என் மட்டனை வாங்கிப் போய்விட்டார்.
அவருடைய குஸ்காவை
ஒன்றும் சொல்லாமல் தின்றேன்.

லிஃப்ட் வாசலில் ஆள் நின்றால்
செருப்பு வாரைச் சரிசெய்தபடி
அடுத்த நடைக்குக் காத்திருப்பேன்.
காதில் மாட்டிய ஒயரின் மறுமுனை
சட்டைப் பையில் எதோடும் சேராமல் கிடக்கும்.
'பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துச்சா சார்?'
மூன்று ராத்திரி சொல்லிப் பார்த்த கேள்வி.
கேட்கப் போன காலை
அவர் லீவு.

ரயில்வே லைன் ஓரம்
மாடிப்படிக்குக் கீழே ஒரு கேரம் பலகை,
அதன் தலைக்கு மேல் குட்டையாகத் தொங்கும் பல்பு.
டீ கிளாஸோடு நான்கு மாதம் வெளியே நின்றேன்.
யாருக்கோ காத்திருப்பவன் போல
அவ்வப்போது தெருவைப் பார்த்துக்கொள்வேன்.
ஒரு சாயங்காலம் அமல்தாஸ் திரும்பி
'டீ ஆறிப்போச்சுண்ணே. ஒரு கை கொறையுது, வா' என்றான்.

கேரம் பலகையில் ஒரு வசதி.
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை,
எல்லோரும் குழியைத்தான் பார்க்கிறார்கள்.
பேச்சு பக்கவாட்டில் வந்து
பக்கவாட்டில் போகிறது,
கொஞ்சம் பவுடர் ஒட்டிக்கொண்டு.
முதல் அடியிலேயே என் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனது.
சிரித்தார்கள்.
சிரித்துவிட்டு அடுத்தவன் அடித்தான்.
அவ்வளவுதானா?
இத்தனை வருடம் நான் பயந்தது
இவ்வளவு நேரத்துக்குத்தானா?

'இன்னா பேரு?' என்றான் நயினா முகமது,
சிவப்பைக் குறிபார்த்தபடி.
குமார், நாக்கு நுனி வரை வந்துவிட்டார்.
பூவராகன் என்றேன்.
'இன்னாது?'
பல்பு வெளிச்சத்தில் பவுடர் மெதுவாக இறங்கியது.
'பூவான்னு கூப்பிடு.
சோத்துக்குக் கஷ்டம் வராத பேரு.'
எங்கிருந்து வந்ததோ,
ராத்திரி சொல்லிப் பார்த்தது இல்லை.
நயினாவுக்கு டீ மூக்கில் ஏறியது.
அவன் சிவப்பைத் தவறவிட்டதற்கு
இன்றுவரை என்னைத்தான் திட்டுகிறான்.

என்ன கிழமை என்று நினைவில்லை,
ஆட்டோவில் ஆறு பேர், மழைத்தூறல்.
'தொட்டி இறங்கணும்!'
கூழ் ஊற்றும் நாளின் ஸ்பீக்கர் மாதிரி
என் வாயிலிருந்து வந்தது.
எதிர் சீட்டில் ஒரு குழந்தை விழித்து அழுதது.
'காது கேக்குது சார், எதுக்குக் கத்துற?'
சாரி என்றேன்,
அதையும் சத்தமாக.
சில்லறை கொடுத்து இறங்கிப் பார்த்தால்
பெட்ரோல் பங்க்.
தொட்டிக்கு இன்னும் ஒரு நிறுத்தம்.
ஆட்டோவின் சிவப்பு விளக்கு
அதற்குள் லாரிகளுக்கு நடுவே போய்விட்டது.

நடந்தேன்.
பின்னால் பையோடு வந்த ஒருவர்,
'தண்ணித்தொட்டி எப்படிங்க போகணும்?'
நேரா. நானும் அங்கதான் போறேன்.
அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை.
அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.
தேங்கிய தண்ணீரை ஆளுக்கொரு பக்கம் தாண்டி
பேசாமலே நடந்தோம்.
பரவாயில்லாமல் இருந்தது.