ஈற்றசை

மூன்றாம் வாசலில் அட்டை தேய்த்தவர் எவருமே
வேலைக்கு வரவில்லை என்கிறது புது சர்வர்.
குல்ஸமான் வந்து நிற்கிறார், பதினோரு மணி நேர ஓவர்டைமுக்கு.
"நான் இருந்தேன் மேடம். கை சுட்டதுகூட இங்கேதான்."
முசாஃபாவில் ஆகஸ்ட்.
ஏசி சொட்டும் நீருக்கு வெளியே
ஒரு பூனையும் இரண்டு மைனாக்களும் முறை வைத்திருக்கின்றன.

பிழை என்னுடையதுதான்.
வாசல் எண்ணுக்கு ஒரு பைட், அட்டை எண்ணுக்கு நான்கு,
ஐந்துதானே என்று எழுதிவிட்டேன்.
வாசல் இயந்திரத்துக்கு அப்படி உட்கார வராது.
நான்கால் வகுபடும் முகவரியில்தான்
நான்கு பைட் எண்ணை வைக்கும்.
நடுவே மூன்றை விட்டுவிடும்,
யாரிடமும் சொல்லாமல்.

"நெருக்கி அடுக்கு, இடைவெளி எதற்கு?"
என்கிறான் ஹோசாம்.
ஏழு பேர் அறையில் இருப்பவன், அப்படித்தான் சொல்வான்.

விட்ட இடத்தில் பூஜ்ஜியம் இருக்கும் என்று
யாரும் வாக்குத் தரவில்லை.
முன்பு எது இருந்ததோ அதுவே இருக்கும்.
திறந்து பார்த்தேன். யார் கடந்தாலும், ஒவ்வொரு வரியிலும்
E0 AE 8F
அட்டவணை தேவைப்படவில்லை.
தமிழில் ஓர் உயிரெழுத்துக்கு மூன்று பைட்.
இது ஏ.

அவரவர் மொழியில் பெயர் தெரியட்டும் என்று
போன வருடம் நானே சேர்த்த வசதி.
மூன்றாம் வாசல் திரை பிப்ரவரியில் உடைந்தது,
கைமுட்டி அளவு விரிசல்.
கடைசியாய் அதில் வந்த பெயர் ஏசுவடியான், பைப் ஃபிட்டர்.
விசா ரத்து அதே வாரம். காரணம் என்ற கட்டம் காலி.
பெயரின் நீளம் இருந்த பைட்டில் வாசல் எண் ஏறிக்கொண்டது.
ஐந்தாவதிலிருந்து பிறருடைய அட்டைகள்.
நடுவில் எவரும் எழுதாததால்
முதல் எழுத்து தப்பியது.

ஆறு மாதமாய்
பெஷாவர், பீகார், நேபாளம் என்று யார் நுழைந்தாலும்
கூடவே ஓர் ஏ.
பொருளின்றி ஓசை நிரப்ப நிற்கும் ஏகாரத்துக்கு
ஒன்பதாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

சர்வரை எட்டாகத் திருத்தினேன்.
வாசலில் ஒரே ஒரு வரி:
நிரப்பும் முன் எட்டையும் துடை.
இரவு ஒன்பதே முக்காலுக்கு குல்ஸமான் தேய்க்கிறார்.
03 00 00 00
பின்னால் அவர் எண், முழுதாய், அதன் இடத்தில்.
கேமராவைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுகிறார், கட்டுப்போட்ட கையால்.

"நடுவில் என்ன இருந்தது?" ஹோசாம் கேட்கிறான்.
குப்பை என்பதுதான் கையேட்டில் உள்ள சொல்.
அவனுக்குப் புரியாத தமிழில் சொன்னேன்:
ஒருத்தர் இருந்தாரே.