நான்கு மில்லிமீட்டர்

எங்கள் கடையில் யோகா பாய்கள் நின்றுகொண்டிருக்கும்,
சுருட்டி, பிளாஸ்டிக் உறை மாட்டி,
ஓட்டக் காலணிகளுக்கும் தூண்டில்களுக்கும் நடுவில்.
முதலாளி எனக்கு மனப்பாடம் செய்வித்த கேள்விகள் இரண்டு:
என்ன மாதிரிப் பயிற்சி?
எவ்வளவு வரைக்கும் பார்க்கிறீர்கள்?
இரண்டாவதை முதலில் கேட்டுவிடக் கூடாது.

லாமாரா வந்தது
குத்தாய்சியை மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்.
புருவத்தில் மாவு.
சந்தைக்குப் பின்னால், கிணறு மாதிரியான மண்ணடுப்பில்
நாளுக்கு இருநூறு ரொட்டி ஒட்டுகிறவள்.
இடுப்புவரை அனலுக்குள் கவிழ்ந்து
சுவரில் மாவை அறைந்து
மயிர் பொசுங்குமுன் வெளியே வருகிறவள்.

'என்ன மாதிரிப் பயிற்சி?' என்றேன்.
'குனிவதில் முப்பது வருஷப் பயிற்சி.
நிமிர்வதற்குத்தான் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.'
வகுப்பு, பழைய கலாச்சார மாளிகையின் மூன்றாம் மாடி.
மரத்தரை.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
காசு விழுந்தால் திரும்பி வராத சந்து.

நான் ஊதா நிறத்தை இறக்கினேன்.
பத்து மில்லிமீட்டர். மெத்தை.
விற்றால் எனக்குக் கொஞ்சம் தேறும்.
'முட்டிக்கு இதம்' என்றேன்.
அவள் கட்டைவிரலால் அழுத்தினாள்,
எடுத்தாள்,
காத்திருந்தாள்.
குழி குழியாகவே கிடந்தது.
'செத்த மாவு' என்றாள்.

அதோடு விடவில்லை.
கேட்காமலே உறையைக் கிழித்து, விரித்து,
ஈரக் காலணியைக் கழற்றி
ஒற்றைக்காலில் நின்றாள்.
படகில் கால் வைத்தவளைப் போல
கணுக்கால் இப்படியும் அப்படியும் போனது.
தூண்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்
தூண்டிலை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்.

தக்கை விரிப்பு, நூற்று அறுபது லரி.
அவள் உதடு முணுமுணுத்தது: நூற்றேழு ரொட்டி.
சணலில் கையைத் தேய்த்துப் பார்த்தாள்.
அவள் உள்ளங்கை அதைவிடச் சொரசொரப்பு,
சணல்தான் கூசியிருக்கும்.
மலிவுப் பிளாஸ்டிக், முப்பது லரி, இருபதே ரொட்டி.
முகர்ந்தாள். தும்மினாள்.
'இதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடக்கச் சொல்வார்கள்,
தொட்டில் பிள்ளை மாதிரி. என்னால் ஆகாது.'

பிறகு ஜன்னலில் காட்சிக்கு வைத்திருந்த ரப்பர் பாய்.
நான்கு மில்லிமீட்டர்.
ஒரு பக்கம் வெயில் தின்று வெளுத்ததால் பாதி விலை, அறுபது.
கட்டைவிரல்.
குழி மெல்ல மேலேறி, தரை சமமாகி,
அழுத்திய இடம் எதுவென்று தெரியவில்லை.

'முட்டி?' என்றேன், ஊதாவைக் கைவிட மனமின்றி.
'என் பழைய கோட்டை மடித்து வைப்பேன்.
அதற்கு எதற்கு உனக்குக் காசு?'
பிறகு கேட்டாள்:
'நீ இதில் படுத்திருக்கிறாயா?'

மூன்று வருஷம்.
எத்தனையோ பாய் விற்றிருக்கிறேன்.
இல்லை.

'படு.'

படுத்தேன்.
குழல்விளக்கின் மூடிக்குள் மூன்று ஈக்கள்.
விலைச்சீட்டுகளின் எழுதாத பக்கங்கள்.
காதருகே தூண்டில்காரரின் பூட்ஸ் சொட்டியது.
'எங்கே இடிக்கிறது?'
'எங்கேயும் இல்லை.'
'பொய்.'
'இடது தோள்.'
'அது பாயின் குற்றமில்லை' என்று
அவளே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.
சுடுகிற கை.

நோட்டுகளை எண்ணினாள். மூன்று லரி குறைந்தது.
மடிப்பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்று
கல்லாவின் மேல் ஏறி உட்கார்ந்தது,
இரண்டு ரொட்டி, ஓடம் போல் வளைந்து, இன்னும் ஆவியோடு.
ரசீதில் அதற்குக் கட்டம் இல்லை.
அறுபது என்றே எழுதி
மூன்றை என் பையிலிருந்து போட்டேன்.
தூண்டில்காரருக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தேன்.
அவர் கடைசிவரை ஒன்றும் வாங்கவில்லை.

அந்தி வந்தது. முதலாளியும் வரும் நேரம்.
கிழிந்த உறைக்கு நாடா ஒட்டி
ஊதாப் பாயைச் சுருட்டி நிறுத்தினேன்,
கட்டைவிரல் பட்ட பக்கம்
உள்ளே போகும்படி.