இரண்டாம் குறிப்பாளர்

நவம்பரில் தார்த்துவில்
நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.
பல்கலைக்கழக நூலகத்தின் நான்காம் மாடியில்
ஏவி கல்லஸ்தே முதல் குறிப்பாளர்,
நான் இரண்டாவது.
ஒரே கட்டுரையை இருவரும் தனித்தனியே படித்து
தனித்தனியே கட்டம் நிரப்ப வேண்டும்.
பேசிக்கொள்ளக் கூடாது.
பரீட்சை அறைபோல் நடுவில் ஒரு தடுப்பு,
அதன்மேல் அவள் காயப்போட்ட கையுறைகள்.

விளையாட்டு மருத்துவம். இருபது ஆண்டுகள், ஆறு இதழ்கள்,
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்.
எந்த மூட்டு? யாருடையது?
சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்களா,
வந்தவரை வந்தபடி எண்ணினார்களா?
எத்தனை காலம் கவனித்தார்கள்?
காசு யார் கொடுத்தது?

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது,
இந்தத் துறை முழங்காலில் நிற்கிறது.
முழங்காலுக்கு ஆயிரத்துக்கு மேல்,
தோளுக்கு அதில் பாதி,
மணிக்கட்டுக்குப் போனால் போகிறதென்று நாற்பது.
கால்பந்துக்காரனின் தொடைத்தசை
ஒருமுறை கிழிந்தால் பத்து முறை அச்சேறுகிறது.

சீட்டுக் குலுக்கிய சோதனைகள்
ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தன.
தொகுப்பாய்வுகள் கொழுத்தன.
பிறகு தொகுப்பாய்வுகளின் தொகுப்பாய்வு:
அரைத்த மாவையே அரைத்து
அதன் நைசை அளந்து ஒரு கட்டுரை.
முன்பெல்லாம் மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள்.
இப்போது பதினான்கு பேர் தூக்குகிறார்கள், பல்லக்குப் போல;
உள்ளே ஆள் இருக்கிறாரா என்று
திரையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெண்கள் உண்டா என்ற கட்டத்தில்
நான் ‘சொல்லப்படவில்லை’ என்று போட்டால்
அவள் ‘இல்லை’ என்று போட்டிருப்பாள்.
எங்கள் சண்டையெல்லாம் அங்கேதான்.
புள்ளியியல்காரர் உர்மஸ் கணக்குப் போட்டுச் சொன்னார்:
உங்கள் உடன்பாடு புள்ளி எட்டு ஒன்று.
என் வீட்டில் ஒருநாளும் இவ்வளவு இருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை,
கட்டுரை எண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில்
தடுப்புக்கு அந்தப் பக்கம் விசைப்பலகை நின்றது.
ஒத்தேபா. பனிச்சறுக்குப் பெண்கள்.
முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் நார் அறுந்தவர்கள்,
முப்பத்தொரு பேர்.
கத்தியா பயிற்சியா என்பது கேள்வி.
ஈராண்டு முடிவில் இருபத்தெட்டு.
‘தொடர்பு விட்டுப்போனவர்கள் மூவர்.
காரணம் தெரியவில்லை.’

விதியை மீறித் தடுப்புக்கு மேலே தலை வந்தது.
காரணம் தெரியும், என்றாள்.
அந்த மார்ச்சில் அம்மாவின் தொழிற்சாலையை மூடினார்கள்.
நான் ஹெல்சிங்கி போகும் கப்பலில்
அறை துடைத்துக்கொண்டிருந்தேன்,
மண்டியிட வராமல்
ஒரு காலை நீட்டிப் போட்டபடி.

மற்ற இருவர்?

ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது.
இன்னொருத்தியின் பெயர் வரமாட்டேனென்கிறது,
சிவப்புக் குல்லாய் மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் அட்டவணையில் இதற்குப் பத்தி இல்லை.
புதிதாக ஒன்று சேர்த்தால்
முந்தைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறையும்
மறுபடி திறக்க வேண்டும்,
பதிவுசெய்த நெறிமுறைக்கும் அது ஆகாது.
இதைச் சொன்னதும் நான்தான்.
ஏன் சொன்னேன் என்று
இன்னும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.
அவள் ‘மூன்று’ என்று எழுதினாள்.
நானும் மூன்று.
அந்த வரியில் எங்கள் உடன்பாடு முழுசு.

அன்று மின்தூக்கி பழுது.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து
முன்னால் இறங்கினாள்.
பழக்கதோஷம், மனம் கட்டம் நிரப்பியது.
மூட்டு: இடது முழங்கால்.
பங்கேற்பாளர்: ஒருவர், பெண்.
நிதி: இல்லை.
கவனித்த காலம்: பத்தொன்பது ஆண்டுகள், தொடர்கிறது.

வாசலுக்கு வந்தபிறகுதான்
கையுறை மேலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.
நீ போய் எடுத்து வா, என்றாள்,
உன் முழங்கால் எந்தக் கட்டுரையிலும் இல்லை.