இருநூறு வரை

தங்கச்சிமடம். புதன், மாலை ஐந்தே கால்.
கச்சான் காற்றில் மணல் ஜன்னலேறி
லென்ஸின் மேல் உட்காருகிறது.
துடைத்தால் கீறும். ஊதித்தான் விடவேண்டும்.

எமரிட்டின் விரலில் ஊசி இறங்கவில்லை,
வலைக்கயிறு தின்று காய்த்த விரல்.
மோதிர விரலின் ஓரம் தேடி
இரண்டாம் முறை குத்தினேன்.

"திங்கக்கெழம காய்ச்ச. செவ்வா ஒண்ணுமில்ல.
இன்னைக்கு மறுபடி.
கடலுக்குப் போற நாளாப் பாத்து வருதுக்கா,
டோக்கன் ஆபீஸ்ல கேட்டுட்டு வருதோ?"
சிரிப்பின் நடுவே பல் தந்தியடித்தது.

அதற்கும் ஒரு கணக்கு உண்டு.
சிவப்பணுவுக்குள் நாற்பத்தெட்டு மணி நேரம்,
பிறகு எல்லாம் ஒரே வேளையில் உடையும்.
ஆனால், எமரிட்,
இந்தச் சூடு அதனுடையது அல்ல.
ரத்தத்தில் சிதறிய குப்பையைத் தொட்டதும்
உன் வெள்ளணுக்கள் ஒன்றை ஒன்று கூவும்,
கூச்சல் மண்டைக்கு ஏறி
வெப்பத்தைத் திருகிவைக்கும்.
மூன்று போர்வைக்குள் உன்னை உலுக்குவது
உன் ஆட்கள்தான்.

இந்த வகைக்கு இளஞ்சிவப்பணு வேண்டும்,
மஜ்ஜையிலிருந்து நேற்று இறங்கியது.
அதில்தான் மாட்டிக்கொள்ளவும் செய்கிறது.
முதிர்ந்தது எப்போதோ அடையாள அட்டையைத் தொலைத்தாயிற்று,
உள்ளே யார் என்று அதனிடம் கேட்க முடியாது.
இளசு இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறது.
கொல்லும் அணு வந்து அட்டையைத் தடவும்,
ஒளிந்தவனின் துணுக்கு அதில் ஒட்டியிருக்கும்.
உடனே ஓட்டை போடும்,
படகோடு சேர்த்து.

படகு நம்முடையது.

தப்பியதை மண்ணீரல் சலிக்கும்.
விலா எலும்புக்குக் கீழே கைவைத்தால்
தட்டுப்படுகிறது எனக்கே,
நான் டாக்டர் இல்லை.

கல்லீரலில் மட்டும் சில
இறங்காமல் கிடக்கின்றன,
விளக்கணைத்து, நங்கூரம் போட்டு.
ரோந்து அணுக்கள் பக்கத்தில் உரசிப் போகும்.
தூங்குகிறவனிடம் என்ன கேட்பது?

அவற்றுக்குத்தான் பதினாலு நாள் மாத்திரை.
மாசியில் ஆறாவதை விழுங்கிவிட்டுப் போனவன்
அன்றிரவே எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டான்.
மிச்சம் எட்டு மாத்திரையை
ஜெசிந்தா என் மேசையில் வைத்துக் கேட்டாள்:
"தூதரகத்துல குடுத்தா உள்ள சேத்துருவாங்களா?"
எனக்குச் சாயம் போடத்தான் தெரியும்.
யாரிடம் போவது என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நாற்பத்தொரு நாள்.
காலையும் மாலையும் தலை எண்ணினார்களாம்,
ஒன்பது பேர், ஒன்பது பேர், ஒன்பது பேர்.
ஈரலில் கிடந்தவற்றை யாரும் எண்ணவில்லை.
டோக்கன் இல்லாமல் போய்
டோக்கன் இல்லாமல் திரும்பிவிட்டன.

"இது எந்தப் பக்கத்துதுக்கா?
அங்க கடிச்ச கொசுவா, நம்ம ஊத்துக்குழிக் கொசுவா?"

ஜீம்சா காய்ந்தது. எண்ணெய் ஒரு சொட்டு.
வட்டத்துக்குள்
நீல மோதிரமும் சிவப்புப் புள்ளியுமாக
அது இருக்கிறது. எந்தக் கொடியும் இல்லை.
"நம்மளதுதான்" என்றேன்.
"போன தடவ மிச்சம் வச்சது."

கொஞ்ச நேரம் பேசாமல்
விரலில் ஒட்டிய பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அப்ப அது கூடவே ஜெயில்ல இருந்துச்சு" என்றான்,
ஏதோ கூட வந்த ஆளைச் சொல்வதுபோல.

இருநூறு வெள்ளணு எண்ணும்வரை
கிருமியை எண்ணவேண்டும், அதுதான் விதி.
இடது கையில் ஒரு கவுண்டர், வலது கையில் ஒன்று.
நூற்றுத் தொண்ணூற்றியேழில்
ஒரு பெரிய வெள்ளணு,
வயிற்றில் பழுப்புப் பொடி.
கிருமி தின்று துப்பியதை
விழுங்கியிருக்கிறது,
செரிக்கவும் முடியாமல், கக்கவும் முடியாமல்
சுமந்து திரிகிறது.

வெளியே படகுக்காரர் யாரோ
நாளை மறுநாளுக்கு ஆள் கேட்டுக் கூப்பிடுகிறார்.
எமரிட் எழுந்து போனான்.

அதையும்
ஒன்று என்றே எண்ணினேன்.
நூற்றுத் தொண்ணூற்றியெட்டு.