பத்தாண்டுக்கு முந்தையவை

இரவுப் பணியில் மூன்றரை மணிக்கு
மின்தூக்கி அருகே நின்றபடி படித்தேன்:
'பத்தாண்டுக்கு முந்தைய தேர்வு முடிவுகள்
பரிசீலனையில் சேர்க்கப்படமாட்டா.'
ஒரே வரி.
முற்றுப்புள்ளிகூட ஒழுங்காக இருந்தது.

கரிம வேதியியலில் டி.
புள்ளியியலில் எஃப்,
மறுபடி எழுதி, அதிலும் டி.
பன்னிரண்டு வருடமாக
ஈசூனில் நான் ரயிலேறும்போதெல்லாம்
அவை ஒரு நிலையம் முன்னதாகவே ஏறி
எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கும்.

ஏன் தவறினாய் என்று
என்றாவது கேட்பார்கள் என்றுதான்
பதிலைச் செதுக்கிக்கொண்டே வந்தேன்.
முதல் பிரதியில் அப்பாவுக்கு இருதய நோய்.
அப்பாவோ அந்த வருடம்
தோபாயோவில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்.
இரண்டாம் பிரதியில் வறுமை.
ஒட்டவில்லை.
நாலறை வீடு, குளிர்சாதனம்,
துணைப்பாடத்துக்குத் தனி ஆசிரியர்.
மூன்றாம் பிரதியில்
உண்மை வந்து உட்கார்ந்துகொண்டது:
பூல் மேசை.
கிளமெண்டியில் ஒரு மாடிக்கூடம்,
பச்சைத் துணி, விரலெல்லாம் நீலச் சுண்ணாம்பு,
எட்டாம் பந்து குழியில் இறங்கும் சத்தம்.
ஹஃபீஸ், பெய் ஷான், நான்.
விரிவுரை நேரம் முழுதும் அங்கேதான்.
துயரம் ஏதுமில்லை.
சந்தோஷமாகத் தோற்றேன்.

மருத்துவப் பள்ளிக்கு
இதை எப்படி எழுதுவது?
அழித்தும் திருத்தியும்
நாற்பது சொல்லுக்குள் அடக்கி
குளிக்கும்போது சொல்லிப் பார்த்து
ஒருவழியாகப் பொய்யில்லாமல் ஆனபோது
கேட்க ஆளில்லை என்கிறார்கள்.

இதை மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது.
மன்னிக்க வேண்டுமானால்
ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

தாதி ரஹ்மா கோப்பியை நீட்டி
'நல்லதுதானே லா' என்றாள்.
நல்லதுதான்.
பிறகு ஏன்
அந்தப் பழைய பட்டியலைத் திறந்தேன்?

அடியில், மூன்றாம் ஆண்டு,
கடல் உயிரியல்: ஏ.
எனக்கு வாய்த்த ஒரே ஏ.
விடியுமுன் படகேறி உபின் தீவில் இறங்கி
நீர் வற்றிய சேற்றில் முழங்கால் புதைய நடந்து
மல்லாந்து கிடந்த குதிரைலாட நண்டு ஒன்றைத்
திருப்பிவிட்டேன்.
அதன் இரத்தம் நீலமாம்.
நம்முடையது ஏன் சிவப்பு என்று
அன்றைக்கு முழுவதும்
ஹஃபீஸை நச்சரித்தேன்;
அவன் பூல் ஆடப் போய்விட்டான்,
முதல்முறையாக நான் போகவில்லை.

எஃப்பைத் துடைத்த அதே கை
ஏவையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

ஆறாம் படுக்கையிலிருந்து அழைப்பு.
திருவாட்டி குவெக், வயது எண்பத்தொன்று.
நாளம் அகப்படாத கை;
நாலு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான்
என்னைத் தேடுவார்கள்.
வெந்நீர்த் துணி. விரல் நுனி. காத்திருப்பு.
தோலுக்கடியில் ஒரு நூல் நெளிந்தது.
கண் திறக்காமலே
'ஹோ, ஹோ' என்றார் கிழவி.
குழாயில் சிவப்பு ஏறியது.

விண்ணப்பத்தின் கடைசிக் கட்டம்:
வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்.
லோகேஸ்வரி வீராசாமி, முப்பத்து நான்கு,
இரத்தம் எடுக்கும் வேலை.
தட்டினேன்:
'எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்,
ஆட்சேபமில்லை.
அந்த நண்டை மட்டும்
கணக்கில் வைத்துக்கொள்ள முடியுமா?'

அழிக்கவில்லை. அனுப்பவுமில்லை.

முதல் ரயிலில் ஏறினேன்.
எனக்காக யாரும்
இடம் பிடித்து வைத்திருக்கவில்லை.
பெட்டி முழுக்கக் காலி.
ஈசூன் வரை
நின்றுகொண்டே வந்தேன்.